இசக்கிமுத்துவுக்குக் கிடைத்த ஒன்பது

மட்டாஞ்சேரியில் இசக்கிமுத்துவின் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கம்பி வீடு என்று கேட்டால் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஓட்டுக் கூரையிலிருந்து அடுத்த வளவு மாமரம் வரை இழுத்துக் கட்டிய செம்புக் கம்பிதான் அவருடைய ஏரியல். அந்தக் கம்பி வழியாக அவர் பத்து வருஷம் உலகத்தோடு பேசினார். 1984 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரேடியோப் பெட்டிக்குள் கையை விட்டு இறந்தார். கையை விட்டது அவர். உள்ளே இருந்ததை வைத்தது அவருடைய மகள் கமலாக்ஷி. அதை அவள் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது.

இசக்கிமுத்து கார்ப்பரேஷன் லாரி ஷெட்டில் எலக்ட்ரிஷியன். அவருடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து மூட்டை சுமக்க வந்தவர். இசக்கிமுத்து எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, 1974இல் மூன்றாம் தடவை ஜெயித்தார். நெருக்கடி நிலைக் காலத்தில் யாரோ எழுதிப் போட்ட மொட்டைக் கடுதாசியால் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். இசக்கிமுத்து லைசென்ஸைக் காட்டி, அந்தப் போலீஸ்காரருடைய பெயரையே மோர்ஸில், தந்திக் குறிகளாகத் தட்டிக் காட்டினார். வந்தவர் சாயா குடித்துவிட்டுப் போனார்.

டிரான்ஸ்மிட்டர் அவர் கையால் செய்தது. எண்ணெய் டின்னை வெட்டிய பெட்டி, பஜார் ரோட்டு இரும்புக் கடையில் பொறுக்கிய டிரான்ஸ்ஃபார்மர், கப்பலிலிருந்து கழற்றிய வால்வுகள். பேச்சு கிடையாது, மோர்ஸ் மட்டும். ஒரு அலைவரிசையிலிருந்து இன்னொன்றுக்குப் போக, மூடியைத் திறந்து உள்ளே செருகியிருக்கும் சுருளைப் பிடுங்கி வேறொன்றைச் செருக வேண்டும். பெட்டிக்குள் அறுநூறு வோல்ட். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும். அதை வடிப்பதற்கு ஒரு ரெசிஸ்டர் உண்டு, ஆனால் வடிய நேரமாகும். அதனால் அவருக்கு ஒரு முறை இருந்தது. சுவிட்சை அணைப்பார். பிளக்கைப் பிடுங்குவார். தவறியும் பெட்டியில் படாதபடி இடது கையை முதுகுப் பக்கம் வேட்டியில் செருகிக்கொள்வார். சத்தமாக முப்பது வரை எண்ணுவார். பிறகுதான் மூடி.

"எப்பா, சரணம் விளிக்கீங்களா?" என்று கமலாக்ஷி கேலி செய்வாள்.

"மலைக்குப் போறவனுக்கு நாப்பத்தொரு நாள் விரதம். எனக்கு முப்பது எண்ணம் போதும் மோளே."

மோர்ஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் மார்க் போடுவார்கள். தெளிவுக்கு ஒன்று, பலத்துக்கு ஒன்று, ஓசையின் சுத்தத்துக்கு ஒன்று. சுத்தத்துக்கு உச்சம் ஒன்பது. இசக்கிமுத்துவுக்குப் பத்து வருஷமும் ஏழுதான். அவருடைய ஒலியில் ஒரு உறுமல் கலந்திருந்தது. பேசியதற்கு அத்தாட்சியாக ஜப்பானிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் தபாலில் வந்த அட்டைகளில் எல்லாம் அந்த ஏழு. தபால்காரர் வெங்கிடாசலத்துக்கே அது மனப்பாடம்.

"இந்த மாசமும் ஏழுதானா அண்ணாச்சி? எங்கயாவது டியூஷனுக்குச் சேருங்க."

இசக்கிமுத்து சிரிப்பார். சிரித்துவிட்டு அட்டையை, எண் தெரியாதபடி, படப் பக்கம் வெளியே இருக்கச் சுவரில் ஒட்டுவார்.

கமலாக்ஷி பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, ஆலுவாவில் ஒரு கம்பெனியின் சோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். உறுமலுக்குக் காரணம் அவளுக்குத் தெரியும். மின் சப்ளையில் கண்டென்சர் போதாது. பழையது பதினாறு மைக்ரோஃபாரட். அதைக் கழற்றிவிட்டு நூற்றறுபது போட்டாள். பத்து மடங்கு பெரிது என்றால் வடிவதற்கும் பத்து மடங்கு நேரமாகும். ரெசிஸ்டரையும் மாற்ற வேண்டும். வேகமாக வடிக்கும்போது எழும் சூட்டைத் தாங்குகிற பெரிய ரெசிஸ்டர் எறணாகுளத்துக் கடையில் இல்லை. இரண்டு வாரத்தில் வரும் என்றார்கள்.

காத்திருந்திருக்கலாம். அவள் காத்திருக்கவில்லை.

"எப்பா, ரெசிஸ்டர் வர வரைக்கும் மூடியைத் தொடாதீங்க. சுருள் நான் மாத்தித் தாரேன். தொட்டே ஆகணும்னா முந்நூறு எண்ணணும், கேட்டோ?"

"முந்நூறா? அதுக்குள்ள ஜப்பான்காரன் தூங்கப் போயிருவான்."

மூடியில் எழுதி ஒட்ட வேண்டும் என்று நினைத்தாள். ஒட்டவில்லை.

அன்று சாயங்காலமே ஒன்பது வந்தது. இசக்கிமுத்து காதிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்து, "இன்னொருக்கா கேட்டு வாங்கினேன். ஒன்பதுதான் சொல்லுதான்" என்றார். மனைவி மாயம்மாளைக் கூப்பிட்டு அவள் காதிலும் வைத்தார். "எனக்கு எல்லாம் கொசு கத்துற மாதிரிதான் இருக்கு" என்றாள் அவள். பதினொரு நாள் எல்லோரும் ஒன்பது கொடுத்தார்கள். தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து கமலாக்ஷி சுருள் மாற்றினாள்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிறு. அவளுக்கு ஷிஃப்ட் இருந்தது. ஆலுவாவிலிருந்து அவளைக் கூட்டிவர ஆள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

மூன்றாம் நாள் அவள் ரேடியோவின் முன் உட்கார்ந்தாள். பிளக் பிடுங்கியிருந்தது. மூடி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சுருள் பாதி வெளியே வந்திருந்தது. எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். பத்து வருஷத்துப் பழக்கப்படி.

மாயம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"முப்பது எண்ணல மோளே. நான்தான் கெடுத்தேன். அடுக்களையில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். பதினாறு, பதினேழு, பதினெட்டு. 'கேட்டியளா, கப்பைக் கிழங்கு ஆறுது'ன்னு கூப்பிட்டேன். 'தா வந்துட்டேன்'னாரு. அதோட எண்ணம் நின்னு போச்சு."

மூன்று நாளாக அம்மா அழாமல் இருந்தது எதனால் என்று கமலாக்ஷிக்கு அப்போது புரிந்தது. பேசாமல் இருந்தால் அம்மா இதைச் சாகும்வரை சுமப்பாள். காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டாள். பழைய கண்டென்சராக இருந்தால் பதினெட்டில் ஐம்பத்துச் சொச்சம் வோல்ட். சுருக்கென்று இருக்கும், கையை உதறியிருப்பார். புதியதில் நானூற்று எழுபது. முப்பது வரை எண்ணியிருந்தாலும் நானூறு. கணக்கு எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் அம்மாவிடம் போய்ச் சேரவில்லை.

"எம்மா, நீ கூப்பிட்டதால இல்ல. முப்பது எண்ணியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். பழைய சாமான் இருந்திருந்தா பதினெட்டுலயும் தப்பிச்சிருப்பாரு. நான் மாத்தினேன். ரெசிஸ்டர் இல்லாம மாத்தினேன்."

மாயம்மாள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"நெசமாவா?"

"கணக்கு பொய் சொல்லாதும்மா."

மாயம்மாள் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அங்கே உட்கார்ந்து முதல் முறையாக அழுதாள். கமலாக்ஷி உள்ளே போகவில்லை.

பதினாறாம் நாள் எறணாகுளத்திலிருந்து வைத்தீஸ்வரன் வந்தார். பாங்கு உத்தியோகஸ்தர், இசக்கிமுத்துவோடு ஞாயிறுதோறும் மோர்ஸில் பேசியவர். நேரில் பார்த்தது இரண்டே தடவை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நீதானே கமலாக்ஷி? கடைசி பத்து நாளும் உன் பேச்சுத்தாம்மா. யார் ஒன்பது கொடுத்தாலும் 'டாட்டர் மேட்'னு அனுப்புவார். மகள் செய்தது, மகள் செய்ததுன்னு. ஜப்பான்காரனுக்குக்கூடத் தெரியும்."

கமலாக்ஷி தரையைப் பார்த்தாள்.

"அவ்வளவு ஜாக்கிரதையான மனுஷர். எப்படி ஆச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் மாயம்மாள் முன்னால் வந்து நின்றாள்.

"நான் சாப்பிடக் கூப்பிட்டேன் சார். பாதி எண்ணத்துல எந்திரிச்சுக் கைய விட்டுட்டாரு. அவசரம். இவ செஞ்சதுல ஒரு குறையும் இல்ல. நீங்களே சொல்லுதீங்களே, ஒன்பதுன்னு."

"எம்மா..."

"போ, சாருக்குச் சாயா போடு."

வைத்தீஸ்வரன் தலையை ஆட்டினார். இனி இதை அவர் மற்றவர்களுக்கு அனுப்புவார். மனைவி அழைத்தாள், அவசரப்பட்டார். எல்லா ஊரிலும் அப்படித்தான் எழுதிக்கொள்வார்கள்.

கமலாக்ஷி அடுப்பில் தண்ணீர் வைத்தாள். சாயாப்பொடி எந்த டப்பாவில் என்று தெரியவில்லை. கூப்பிட்டுக் கேட்காமல் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது.