காணாமற்போன சிவப்பு எண்ணெய்

கன்று போட முடியாமல் தவிக்கும் மாட்டின் முனகலைக் கேட்டிருக்கிறீர்களா? எங்கள் அப்பா ஓட்டிய பழைய ஜப்பான் லொறி காலையில் திரும்பும்போதெல்லாம் அப்படித்தான் முனகும். ஹுன்னஸ்கிரியப் பக்கத்திலிருந்து கண்டிக்கு மரக்கறி ஏற்றுகிற லொறி அது. அதன் "முதலாளி" கண்டி ரவுனில் இருந்தார். லொறியோ எங்கள் வீட்டுக்குக் கீழே சோமபால மாமாவின் வீட்டு வளவில் நின்றது, அந்தச் சரிவில் ஒரு லொறி நிற்க வேறு சமதரை இல்லை என்பதால்.

சோமபால மாமா சிங்களவர். தமிழர்களான எங்களைத் தேடி அடித்த முந்தின கலவரத்தில் அவருடைய மனைவி குசுமா அத்தை, என் அம்மாவின் பொட்டை அழித்து, கண்டிச் சிங்களப் பெண்கள் கட்டுகிற "ஒசரி"யை அவசர அவசரமாகக் கட்டிவிட்டு, பொல்லுத் தடியோடு வந்தவர்களிடம் "இவள் என் தங்கச்சி" என்று வாய் கூசாமல் பொய் சொன்னவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்ததைக் கேட்கும்போது மறந்துவிடாதீர்கள்.

அந்த லொறிக்கு "பவர் ஸ்டியரிங்". ஒரு விரலால் சுற்றலாம் என்று அப்பா பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது. அதற்கென்று தனியாக ஒரு சின்ன டப்பாவில் சிவப்பு எண்ணெய் இருக்கும்; அது குறைந்தால் முதலில் முனகல், பிறகு ஸ்டியரிங் கல்லாகிவிடும். மலை வளைவில் மூட்டைகளோடு இறங்கும்போது அது கல்லானால் லொறி எந்தப் பள்ளத்தில் கிடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முனகல் தொடங்கியதும் அப்பா முன் ரயர்களுக்குக் காற்றடித்துப் பார்த்தார், கிறீஸ் பூசிப் பார்த்தார், கடைசியில் டப்பாவைத் திறந்தால் எண்ணெய் பாதிக்குக் கீழே. ஊற்றினார், முனகல் நின்றது. இரண்டொரு நாளில் மறுபடியும் முனகல், மறுபடியும் எண்ணெய் குறைவு. குழாய்களைத் துணியால் துடைத்துப் பார்த்தால் ஈரமில்லை. சீனி வந்த வெள்ளைச் சாக்குகளைப் பிரித்து லொறிக்கு அடியில் விரித்துவைத்தார். காலையில் போய்ப் பார்த்தால் சாக்கில் ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை.

"எண்ணெய்க்கு என்ன, றெக்கையா முளைச்சிருக்கு?" என்றார் அம்மா.

காலம் எப்படிப்பட்ட காலம் என்று நினைக்கிறீர்கள்? வடக்கே யுத்தம். எங்கள் மலைப் பக்கத்திலோ அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிய சிங்கள இளைஞர்களை ராணுவம், எங்கள் பேச்சில் ஆமி, தேடிக்கொண்டிருந்தது. அந்த இளைஞர்களும் கடையைத் திறக்காதே, லொறியை ஓட்டாதே என்று துண்டுப் பிரசுரம் ஒட்டிப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். யாரைப் பார்த்தாலும் சந்தேகம். ஒழுகாத எண்ணெய் குறைகிறதென்றால் அந்த இளைஞர்களின் ஆள் யாரோ உறிஞ்சி எடுக்கிறான், லொறியை உருட்டப் பார்க்கிறான் என்று எல்லாருக்கும் புத்தி போனது. அப்பா இதை முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். அவர் கேட்ட ஒரே கேள்வி, "லொறி யார் வளவுல நிக்குது?" அப்பா பெயரைச் சொன்னார். சோமபால மாமா அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று அதோடு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலாளிக்குப் பெரிய இடத்தில் ஆட்களைத் தெரியும்.

ஒரு காலையில் நம்பர் பலகை இல்லாத வாகனம் வந்தது; அப்படி வருவது ஆமிதான் என்று ஊருக்கே தெரியும். சோமபால மாமா பல் துலக்கிக்கொண்டிருந்தவர், வாயில் பற்பசை நுரையோடு அப்படியே ஏற்றப்பட்டார். குசுமா அத்தை ஓடிப்போய்க் கதவைப் பிடித்ததையும், ஒருவன் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டதையும் நான் எங்கள் படியில் நின்று பார்த்தேன். எனக்குப் பதினொரு வயது.

அதற்குப் பிறகும் எண்ணெய் குறைந்தது! ஆள் போய்விட்டார், எண்ணெய் இன்னும் குறைகிறது. அப்பாவின் முகம் அன்றைக்குப் போன போக்கு இருக்கிறதே, ஐயோ. நேராகக் கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருந்த நஸீர் நானாவிடம் ஓட்டிக்கொண்டு போனார்; பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததால் நானும் லொறியில் இருந்தேன். நானா ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. எஞ்சின் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். எண்ணெய் குறியைத் தாண்டி மேலே நின்றது.

"இது கூடியிருக்கே, நீங்க பாக்கல்லயா?"

"பாத்தேன் நானா. முந்தி எண்ணெய் குடிக்கிற எஞ்சின், இப்பக் குடிக்கிறதில்லன்னு சந்தோசப்பட்டேன். மாதா கோயில்ல மெழுகுதிரிகூடக் கொளுத்தினேன்."

நானா தலையில் கைவைத்துக்கொண்டார். "பம்ப் எஞ்சினோட சேந்து பூட்டினது. உள் சீல் தேஞ்சு போச்சு. ஸ்டியரிங் எண்ணெய் எஞ்சினுக்குள்ள இறங்குது. வெளிய எப்பிடிச் சொட்டும்?"

அப்பா கராஜ் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பெரிய மனிதர் ஒருவர் அப்படித் தொப்பென்று உட்கார்ந்து நான் அதுவரை கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் குசுமா அத்தையின் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார், முதலாளியிடம் பெயர் சொன்னதையும் சேர்த்து. அத்தை சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து லொறியில் ஏறினார். போனது ஆமிக் காம்புக்கு, ராணுவ முகாமுக்கு. அங்கே தனியாகப் போன தமிழன் வெளியே வருவது நிச்சயமில்லாத காலம். பிள்ளையோடு போனால் உள்ளே இழுக்க யோசிப்பார்கள் என்று ஆட்கள் நம்பினார்கள், அதனால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். எஞ்சினிலிருந்து எடுத்த எண்ணெய் ஒரு போத்தலில் என் மடியில் இருந்தது. மறுபடி எண்ணெய் ஊற்றாமலே கிளம்பியதால் ஸ்டியரிங் கல்லாகிக் கிடந்தது; ஒவ்வொரு வளைவிலும் அப்பா எழுந்து நின்று உடம்பைக் கொடுத்துச் சுற்றினார்.

காம்பின் அதிகாரி, பொறுமையாகக் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். காம்பு லொறி ஓட்டுகிறவனைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் போத்தலைத் திறந்து முகர்ந்து, விரலில் தேய்த்து, லொறியின் கம்பியையும் உருவிப் பார்த்துவிட்டு, "ஓம் சேர், இந்த ஆள் சொல்வது சரி. யாரும் களவெடுக்கவில்லை" என்று சிங்களத்தில் சொன்னான். எனக்கு அப்படியொரு சந்தோசம்! இதோ மாமா வரப்போகிறார் என்று கதவையே பார்த்தேன்.

அதிகாரி தலையாட்டினார். "சரி. ஆனால் அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை."

அவ்வளவுதான். கொண்டுவரப்படவே இல்லை என்றார். நாங்கள் பார்த்தோமே என்று அத்தை அலறியதற்கு, வேறு யாராவது வந்திருப்பார்கள் என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. வெளியே வந்ததும் அத்தை அப்பாவைப் பார்த்து, தமிழிலேயே, நிதானமாகச் சொன்னார்:

"எண்ணெய்யக் கண்டுபுடிச்சிட்டீங்க அண்ணே. இனி மனுசனக் கண்டுபுடிங்க."

அப்பா தேடினார். முதலாளியிடம் சாவியை வீசிவிட்டு வந்து, கூலிக்கு பஸ் ஓட்டிக்கொண்டு, ஓய்வு நாளிலெல்லாம் அத்தையைக் கூட்டிக்கொண்டு காம்பு காம்பாக, அரசாங்க அலுவலகமான கச்சேரி கச்சேரியாக, பிலிமத்தலாவை, நாவலப்பிட்டி என்று ஊர் ஊராக ஏறி இறங்கினார். எங்கள் வீட்டில் பெருநாள் என்றும் பயணம் என்றும் ஒன்று பிறகு இருக்கவில்லை.

போன மாதம் அங்கே போயிருந்தேன். இப்போது வருகிற வாகனங்களின் ஸ்டியரிங்குக்கு எண்ணெயே தேவையில்லையாம், கரண்டில் சுற்றுகிறதாம். ஆமிக் காம்பு இருந்த இடத்தில் கைப்பந்து விளையாடுகிறார்கள். லொறி நின்ற வளவில் புல் மண்டிக் கிடக்கிறது. குசுமா அத்தை, தலை முழுக்க நரைத்து, அதே வீட்டில் இருக்கிறார். உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டு, பால் விடாத பிளேன்ரீ தந்து, அப்பா எப்படி என்று கேட்டார்.

அப்பா தை மாதத்தில் இறந்துவிட்டார் என்றேன்.

அத்தை கையிலிருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கண்டுபுடிக்காமலே போயிட்டாரா?"