அவசரக்குடுக்கையின் அணு

அடுத்தவர் வாக்கியத்தை முடிக்க அவள் விடுவதில்லை. "நாளைக்கு..." என்று பேராசிரியர் இழுத்தால் போதும், "வந்துடறேன் சார்!" என்பாள். "...லீவும்மா" என்று அவர் முடித்த பிறகு திருதிருவென்று விழிப்பாள். காலில் ஒரு செருப்பும் கையில் ஒரு செருப்புமாகத்தான் வீட்டுப் படியிறங்குவாள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்றே பெயர்.

இப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த வேலைதான் வேடிக்கை. ஓர் அணுவை லேசர் ஒளியால் ஒரு நிலையிலிருந்து நேரெதிர் நிலைக்குப் புரட்ட வேண்டும். அது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று பார்க்க வேண்டும். கொடுக்கிற ஆற்றலுக்கு ஏற்ப ஒரு குறைந்தபட்ச நேரம் உண்டு. தலைகீழாக நின்றாலும் அதற்கு முன்னால் அணு புரளாது. இயற்கை போட்ட வேக வரம்பு.

"அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளயும் கை நுழையாதுன்னு சொல்றதுக்கு ஒரு லேபா?" என்று கணவன் கேலி செய்வான்.

"அதேதாங்க. அண்டாதான் ரொம்பச் சின்னது."

சென்ற வாரம் அணு வரம்புக்கு முன்பே புரண்டுவிட்டது.

அவள் நம்பவில்லை. கடிகாரத்தை மாற்றினாள், லேசரின் ஆற்றலை அளந்தாள். மறுபடியும் அதே கதை. பேராசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டுரை வெளிவந்தால் அவளுடைய தற்காலிக வேலையும் நிரந்தரமாகும். அவளோ வாயில் பல்துலக்கியோடு குளியலறையில் அப்படியே நின்றுவிடுகிறாள். "வரம்பு தப்பா, நான் தப்பா? தலையும் புரியல, வாலும் புரியலைங்க" என்று கணவனிடம் புலம்புகிறாள்.

தடவித் துழாவியதில் ஒன்று அகப்பட்டது. லேசரின் மறைப்பு மூடியிருக்கும்போதும் துளி ஒளி கசிந்தது. கடிகாரம் ஓடத் தொடங்குமுன்பே அணு கொஞ்சம் கிளம்பியிருக்கிறது! கசிவை அடைத்துவிட்டு மீண்டும் அளந்தாள். பிசகு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி அப்படியே நின்றது. குழப்பமோ இரட்டிப்பானது.

பேராசிரியரின் அறைக்கு ஓடினாள். அவர் மடிக்கணினியில் கட்டுரையை அனுப்பத் தயாராக இருந்தார்.

"சார், அனுப்பாதீங்க."

"கசிவத்தான் அடைச்சிட்டியேம்மா. அப்புறமும் வரம்பு மீறுதுல்ல?"

"மீறுது சார். ஏன்னுதான் தெரியல."

"புது விஷயமாவே இருந்தா? வேற யாராவது முந்திக்கிட்டா?"

"இருக்கலாம் சார். இல்லாமயும் போகலாம்."

"சரி, எத்தனை நாள் வேணும்?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவர் பெருமூச்சு விட்டார். சுட்டுவிரல் அனுப்பும் விசையை நோக்கி நகர்ந்தது.

அவள் எட்டி, அவர் விரலுக்கும் விசைக்கும் நடுவே உள்ளங்கையை விரித்து வைத்தாள்.