பனிமலையில் ஒரு ஜிப்

முதுகில் பை. பைக்குள் இரண்டு பழைய இஸ்திரிப் பெட்டி, ஓடாத தையல் மிஷினின் இரும்புத் தலை ஒன்று, மிச்ச இடத்தில் வெட்டுத்துணி. கடையைத் திறப்பதற்கு முன்னால் இந்த மூட்டையோடு எங்கள் கட்டடத்து மாடிப்படியில் ஏறுவான், இறங்குவான், மறுபடியும் ஏறுவான். பக்கத்திலேயே லிஃப்ட் சும்மா நிற்கும். என் வீடு கீழ்த்தளத்தில், படியை ஒட்டினாற்போல. அவன் பூட்ஸ் சத்தம் நேராக என் தலைமாட்டில் விழும். கதவைத் திறந்து திட்டினாலும் நிற்கமாட்டான். மேலேயிருந்து குரல் மட்டும் வரும்.

"எறங்கி வந்து வாங்கிக்கறேன் பெரியம்மா. இப்ப திட்டு வாங்க மூச்சு பத்தாது."

நான் குடிவந்த புதிதில் எதையோ திருடிக்கொண்டு போகிறான் என்றுதான் நினைத்தேன். திருடன் என்றால் கீழே இறங்கத்தானே வேண்டும், இவன் ஏன் மூட்டையோடு மேலே ஏறுகிறான் என்று ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஆள் தையல்காரன், பனிமலை ஏறப் பழகுகிறான் என்று. திருடனாகவே இருந்திருந்தால் அவன் பெண்டாட்டிக்கு இத்தனை கஷ்டம் இருந்திருக்காது.

அவன் வீடு எங்கள் கட்டடத்து மாடியில். முன்பக்கம், ஒரு கதவு அகலத்தில் அவன் கடை. என் ஜன்னலிலிருந்து கை நீட்டினால் அவன் மிஷின் மேல் இடிக்கும். புதுத்துணி தைக்கமாட்டான். தொளதொளவென்று இருப்பதைப் பிடிப்பான், இறுக்கினதைப் பிரிப்பான், நீளத்தைக் குறைப்பான். எல்லாவற்றுக்கும் மேலே ஜிப். அறுந்த ஜிப், சிக்கின ஜிப், பல் போன ஜிப் எதுவாக இருந்தாலும் இவனிடம்தான் வரும். அளவு எடுக்கும்போது எல்லாரிடமும் ஒரே பல்லவிதான்: "கையத் தூக்குங்க… மூச்ச விடுங்க." டேப்பைக் கண்டதும் ஆணும் பெண்ணும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அவன் டேப்பைப் பிடித்தபடியே காத்திருப்பான். "விடுங்க, விடுங்க. எக்கிக்கிட்டு அளவு குடுத்தா, வீட்ல போய் மூச்சு விடறப்ப தையல் விட்ரும்."

எதிரில் வருகிறவர் முகத்தைப் பார்க்கமாட்டான். காலர், பித்தான், ஓரம், ஜிப், இதுதான் அவன் கண்ணுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் போன அன்றைக்கு வந்தவர்களெல்லாம் அழுதார்கள், ஆறுதல் சொன்னார்கள். இவன் வந்து கும்பிட்டான். என் தம்பியின் கைப்பை வாயைப் பிளந்துகொண்டு கிடந்ததைப் பார்த்தான். ஒரு மூலையில் உட்கார்ந்து அதைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான். எனக்கு அன்றைக்கு வந்த ஆறுதலில் அது ஒன்றுதான் உருப்படியானது.

மலைப் பைத்தியம் பிடித்ததும் ஊசியால்தான். யாரோ ஒருவர் கிழிந்த கூடாரம் ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். இவன் தைத்துக் கொடுத்துவிட்டு, "இத எங்க கட்டுவீங்க?" என்று கேட்டிருக்கிறான். அவர் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"தையல் காத்துக்குத் தாங்குதான்னு பாக்கத்தான் போனேன் பெரியம்மா."

"தாங்கிச்சா?"

"தையல் தாங்கிருச்சு. நான்தான் தாங்கல. எறங்கி வரவே மனசு வரல."

அதற்குப் பிறகு வருஷா வருஷம் இதே கதை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் சீருடை வேலை குவியும். அது முடிந்ததும் கடைக்குப் பூட்டு. முதலில் சின்ன மலை, அப்புறம் அதைவிடப் பெரிசு. தூங்குகிற பை, கையுறை, காலுறை எல்லாம் அவனே தைத்துக்கொண்டான். அவன் பெண்டாட்டியின் கோட்டில் அக்குள் தையல் விட்டு இரண்டு குளிர்காலம் ஓடிவிட்டது. அதை மட்டும் தைக்க நேரம் கிடைக்கவில்லை.

இவனை நல்லவன், வல்லவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவன் மாமனார் கண்ணை மூடினபோது இவன் ஏதோ ஒரு பனிப்பாறையில் தொங்கிக்கொண்டிருந்தான். வந்து சேர்ந்தபோது வாடகை நாற்காலியைக்கூடத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. ஒரே பெண் குழந்தை. அது பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினபோது கைதட்டப் போனது நானும் அவன் பெண்டாட்டியும்தான். பெண் இப்போது வெளியூரில் விடுதியில் இருந்து படிக்கிறது.

பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. வெந்நீரிலும் ஆவியிலும் நின்று நின்று அவள் கை எப்போதும் வேகவைத்த மாதிரி சிவந்திருக்கும். ஒருநாள் என் சமையல்கட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"ஒருத்தனுக்குக் குடி, ஒருத்தனுக்குச் சீட்டு. எங்க வீட்டுக்காரருக்கு மலை. குடிகாரனாவது ராத்திரி வீட்டுக்கு வந்துடறான் பெரியம்மா."

"வேண்டாம்னு சொல்லேன்டி."

"சொன்னா போகாம இருந்துடுவாரு. இருந்துட்டு, அந்த ஜன்னலையே பாத்துட்டு இருப்பாரு. அதுக்குப் போயே தொலையட்டும்."

கடைசியாக அந்தப் பெரிய மலை வந்தது. பாதி வாழ்க்கை அதற்காகத்தான் படியேறினான். கிளம்புகிற அன்றைக்கு அவளிடம், "இதான் கடைசி" என்றான். இதை அவன் ஒவ்வொரு தடவையும் சொல்லுவான். அவளும் ஒவ்வொரு தடவையும், "சரி" என்பாள்.

திரும்பி வந்தபோது வலது கை முழுக்கக் கட்டு. ஆஸ்பத்திரியில் பெருவிரல் நுனியையும், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் பாதிக்கு மேலேயும் எடுத்துவிட்டார்கள். தையல்காரனுக்கு அந்த மூன்றும் இல்லையென்றால் மிச்சம் இருப்பது வெறும் மணிக்கட்டு.

கடையில் உட்கார்ந்து அவனே சொன்னான். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம்.

"உச்சி தெரியுது பெரியம்மா. நம்ம மொட்டமாடிலேருந்து எதிர்வீட்டுத் தண்ணித்தொட்டி தெரியுதுல்ல, அவ்ளோ கிட்ட. கெளம்பற நேரம். கூட வந்த பொண்ணுக்கு நெஞ்சுக்கு நேரா ஜிப் வாயப் பொளந்துருச்சு. மேல போனா நெஞ்சு ஒறைஞ்சிடும், கீழ எறங்குன்னுட்டாரு கூட்டிட்டுப் போனவரு. அது பேங்க்ல வேல பாக்கற பொண்ணு. லீவு மேல லீவு போட்டு வந்துருக்கு. நின்னு அழுவுது. கண்ணீரு கன்னத்துலயே ஒட்டிக்குது."

"நீ போய் மாட்டிவிட்டியாக்கும்."

"கையுறையோட செய்ய முடியல. பல்லத் தொட்டுப் பாக்காம எந்தப் பல்லு விலகிச்சுன்னு எப்பிடித் தெரியும்? கழட்டிட்டேன். உள்ள போட்டிருந்த மெல்லிசுக் கையுறையையும் கழட்டிட்டேன். பாக்கெட்ல எப்பவும் வெச்சிருப்பேன்ல, சின்னக் குறடு, அத எடுத்து ஜிப்போட தலைய ரெண்டு பக்கமும் அமுக்குனேன். ஏறிருச்சு. கழுத்து வரைக்கும் ஒரே இழுப்பு."

"அப்புறம்?"

"அப்புறம் குறட்ட கீழ வெக்கப் பாத்தேன். வரல. விரலோட ஒட்டிக்கிச்சு. வலிக்கவே இல்ல பெரியம்மா. வலிச்சிருந்தா அப்பவே சுதாரிச்சிருப்பேன்."

கூட்டிக்கொண்டு போனவர் பனியில் விறைத்து வெளுத்துப்போன விரலைப் பார்த்தார். இவனை அங்கேயே திருப்பிக் கீழே அனுப்பிவிட்டார். அந்தப் பெண் உச்சிக்குப் போனாள்.

ஜன்னல் வழியாகவே கத்தினேன். "தைக்கிறவன் தைக்கிற வேலையப் பாத்துட்டு வீட்ல கெடக்கணும்னு எத்தன தடவ சொன்னேன்டா!"

அவன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான். "அதத்தான பெரியம்மா அங்கயும் பண்ணேன்."

அந்த பேங்க்குப் பெண் ஒருநாள் அவன் வீட்டுக்கு வந்தாள், நானும் அங்கே இருந்தேன். கையில் பழக்கூடையும் சட்டம் போட்ட ஒரு படமும். இவன் கையைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே விசும்ப ஆரம்பித்துவிட்டாள். இவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெண்டாட்டிதான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கிற வரைக்கும் நின்று பார்த்தாள்.

"உச்சி வரைக்கும் போயிட்டியாம்மா?"

"போயிட்டேன்க்கா."

"நெஞ்சு குளிரலயே?"

"இல்லக்கா… குளிரல."

"அப்ப சரி." டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே அவள் அந்த டம்ளரைக் கழுவின சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

படம் இப்போது மிஷினுக்கு மேலே தொங்குகிறது. உச்சியில் அந்தப் பெண் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடியும் முக்காடுமாக முகமே தெரியாது. கடைக்கு வருகிறவர்களிடம் இவன் மலையைக் காட்டமாட்டான். ஜிப்பைக் காட்டுவான். "பாருங்க, ஒரு பல்லு வெலகல."

வேலை முன்னே மாதிரி இல்லை. இடது கையால் துணியைத் தள்ளி நேர்த்தையல் மட்டும் போடுகிறான். திரைச்சீலை, தலையணை உறை, அவ்வளவுதான். ஒரு பள்ளிக்கூடப் பையனின் கால்சட்டை ஓரத்தை ஆறு வளைகிற மாதிரி வளைத்துத் தைத்துவிட்டான். பையனின் அம்மா, "பரவால்லண்ணே" என்று வாங்கிக்கொண்டு போனாள். அப்புறம் வரவில்லை. பலகையில் "ஜிப் மாற்றித் தரப்படும்" என்று எழுதியிருந்த வரி மேல் அவனே ஒரு துண்டுத் துணியை ஒட்டிவிட்டான். நல்ல துணி. ஒட்டினது மட்டும் கோணல்.

ஊசியில் நூல் கோர்க்க அவனால் முடியாது. ஆனால் காலையில் கடையைத் திறந்தால் உள்ளே தொங்குகிற திரையில் வரிசையாக ஊசி குத்தியிருக்கும். வெள்ளை, கறுப்பு, நீலம், காக்கி, எல்லாம் நூல் கோர்த்து முடிச்சுப் போட்டுத் தயாராக. யார் கோர்த்தது என்று நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. அவன் பெண்டாட்டியும் சொல்லவில்லை.

சொல்வதற்கு, அவள் அவனோடு பேசினால்தானே? அவன் கட்டோடு வந்த நாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. "இனிமே போகமாட்டேன்" என்று அவன் வாயால் ஒரு தடவை சொல்லவேண்டும், அதற்கப்புறம்தான் பேச்சு என்று என்னிடம் சொல்லிவிட்டாள். "இதான் கடைசின்னு சொன்னா போதாது பெரியம்மா. அது செல்லாது. போகமாட்டேன்னு சொல்லணும்." அவன் அதைத் தவிர மற்றதெல்லாம் சொல்கிறான். மன்னிப்புக் கேட்கிறான், கோட்டைத் தைக்கக் கொடு என்கிறான், ஒற்றைக் கையால் பாத்திரம் தேய்க்கிறான். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. பொய்யாகச் சொல்லித் தொலையேன்டா என்று நானே சொல்லிப் பார்த்தேன். "அவகிட்டயா?" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

ஆகவே நடுவில் தூது நான். அவன் கடையில் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பான். அவள் என்னைப் பார்த்துச் சொல்லுவாள்: "பெரியம்மா, சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்னு சொல்லுங்க."

நான் திரும்பி, "கேட்டுச்சாடா?" என்பேன்.

"கேட்டுச்சு. உப்பு கொஞ்சம் கொறைச்சலா இருந்துச்சு நேத்துன்னு சொல்லுங்க."

"வாய் இருக்கு, உப்பு கேக்க. வேற எதுக்கும் இல்லியான்னு கேளுங்க பெரியம்மா."

அது காதில் விழுந்ததும் அவன் மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிடுவான். நானும் கேட்கமாட்டேன்.

படியில் பூட்ஸ் சத்தம் நின்றுபோனதில் எனக்குத் தூக்கம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. விடிகிற நேரத்தில் விழித்துக்கொண்டு, சத்தம் கேட்காத படியைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன்.

போன வாரம் கேட்டது. ஏறுகிற சத்தம் இல்லை. ஒரே இடத்தில் நின்று கால் மாற்றிக்கொள்கிற சத்தம். கதவைத் திறந்தேன். கீழ்ப்படியில் அவன். முதுகில் அதே பை, காலில் அதே பூட்ஸ். நெஞ்சுக்குக் குறுக்கே வருகிற பட்டையின் கொக்கியை மாட்டப் பார்க்கிறான். இரண்டு முனையையும் சேர்த்து அமுக்கவேண்டும். இடது கை ஒரு முனையைப் பிடிக்கிறது. வலது கையின் மொட்டை விரல்களிலிருந்து இன்னொரு முனை வழுக்குகிறது. தாடையால் அழுத்திப் பார்த்தான். பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தான். வழுக்கிக்கொண்டேயிருந்தது. அத்தனை பேர் ஜிப்பை மாட்டிவிட்டவன். 

மேலே செருப்புச் சத்தம். வேலைக்குக் கிளம்பி அவள் இறங்கி வந்துகொண்டிருந்தாள், கையில் சாப்பாட்டுப் பை. அதே அக்குள் கிழிந்த கோட்டு. அவனையும் அந்தப் பையையும் பார்த்து நின்றாள். அவன் கொக்கியைப் பல்லிலிருந்து விட்டான். நான் வழக்கம்போல அவள் என்னிடம் என்ன சொல்லப்போகிறாள் என்று வாசலில் காத்திருந்தேன்.

அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. சாப்பாட்டுப் பையைப் படியில் வைத்தாள். அவன் முன்னால் வந்து நின்றாள்.

"கையத் தூக்குங்க" என்றாள்.

அவன் இரண்டு கையையும் தூக்கினான். அவள் சிவந்த விரல்களால் கொக்கியின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தாள். அவன் நெஞ்சு விம்மிப்போய் நின்றது, பட்டை எட்டவில்லை.

"மூச்ச விடுங்க."

விட்டான். கொக்கி சடக்கென்று மாட்டிக்கொண்டது. அவன் ஒரு காலை மேல்படியில் வைத்தான். அவள் அந்தப் பட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.