ஆடி நோம்பியில் காலியாக இருந்த இலை

கல்யாணமான வருஷத்து ஆடி நோம்பிக்கு மாப்பிள்ளையை அழைத்து விருந்து வைக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் மானம் கப்பலேறிவிடும். அக்காவும் மாப்பிள்ளையும் வந்திறங்கி, அம்மா வெல்லம் போட்ட கச்சாயப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தானா பவானியில் வெள்ளம் வரவேண்டும்?

மேலே அணை நிரம்பிவிட்டது, மதகைத் திறக்கப் போகிறோம், கரையோரத்தில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அம்மா அடுப்பை விட்டு அசையவில்லை. கடைசியில் வி.ஏ.ஓ.வே வாசலுக்கு வந்துவிட்டார். வேலைக்குப் புதுசு, எங்கள் அக்கா வயசுதான் இருக்கும்.

“வாங்க அம்மணி, ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டுப் போலாமுங்க,” என்றாள் அம்மா. ஆறே வாசலுக்கு வந்தாலும் அம்மா அதையும் வாங்க என்றுதான் கூப்பிட்டிருப்பாள்.

“விருந்தப் பள்ளிக்கூடத்துலயே வெச்சுக்கலாமுங்கக்கா,” என்று சோற்றுக் குண்டாவைத் தானே தூக்கி ஜீப்பில் வைத்தார் அவர்.

அப்படித்தான் அஞ்சாம் வகுப்பில் பந்தி போட்டோம். கரும்பலகைக்குக் கீழே மாப்பிள்ளை கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். வி.ஏ.ஓ. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்ன மரியாதை, நம் வீட்டுப் பந்தியை இவர் விசாரிக்கிறாரே என்று நான் அசந்துபோனேன். காலியாக இருந்த ஓர் இலைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“அப்பா எங்க கண்ணு?”

“மாப்பிள்ளைக்கு எடுத்த வேட்டிய மறந்துபோட்டு வந்துட்டமுங்க. எடுத்தார ஊட்டுக்குப் போயிருக்காருங்க.”

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

ஜன்னலில் ஏறிப் பார்த்தேன். அடேயப்பா! தினமும் நான் குளித்த ஆறா அது? அக்கரையைக் காணோம். செம்மண் நிறத்தில், அவசரமே இல்லாமல், எங்கள் தெருவுக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தது. பெரிய தென்னை ஒன்று வேரோடு மிதந்து போனது. எனக்குப் பயப்படக்கூடத் தோன்றவில்லை, வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஜீப் டிரைவர் கயிற்றைப் பிடித்திருக்க, இடுப்பளவு தண்ணீரில் வி.ஏ.ஓ. அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தார். வேட்டிப் பை அப்பாவின் தலைமேல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டுக்கு ஓடு மட்டும்தான் தெரிந்தது.

அம்மா அப்பாவைத் திட்டித் தீர்த்துவிட்டு இலையில் சோறு போட்டாள். அப்பா ஒன்றுமே நடக்காததுபோல ரசம் கேட்டார். நான் கை கழுவக் குழாயடிக்குப் போனால், அங்கே சுவரைப் பார்த்து நின்று வி.ஏ.ஓ. தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

எனக்குப் பாவமாகிவிட்டது. பந்தியே முடியப்போகிறது, இவரை யாரும் உட்காரச் சொல்லவில்லையே! ஈரக் கையால் அவர் விரலைப் பிடித்தேன்.

“அழுவாதீங்க,” என்றேன், “கச்சாயம் இன்னும் இருக்குதுங்க.”