அருளாயி எழுந்து போன ஆராதனைகள்

அருளாயிக்குக் கடவுள்மேல் இருந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல. வேதத்தில் எச்சரிப்பு எங்கே வந்தாலும் தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்வாள். அது பக்கத்தில் இருப்பவனுக்கு என்று நினைத்துத் தலையாட்டும் எங்களைப் போன்றவர்கள் நடுவில் அது பெரிய குணம்தான். ஆனால் அந்தக் குணமே அவளை நாலு வருஷம் ஆலயத்துக்கு வெளியே நிறுத்தி வைத்தது.

இலங்கையில் பூனாகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆலயத்துக்குப் பண்டாரவளையிலிருந்து மாதம் ஒருமுறை போதகர் வருவார். அன்றுதான் திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் கொடுக்குமுன், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய பகுதியை வாசிப்பார். தகுதியில்லாமல் இதில் பங்கெடுப்பவன் கர்த்தருக்கு முன் குற்றவாளியாகிறான் என்ற இடம் வந்ததும், அருளாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

காரணம் சாராள். புருஷனின் தங்கை, லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுக்காரி. ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில், "எங்க மதினி தண்ணி தெளிக்கிறாங்க, அதான் நிறை கூடுது" என்று சொல்லிவிட்டாள். கங்காணி கூடையைக் கவிழ்க்கச் சொன்னார். எல்லார் முன்னாலும் அருளாயி கவிழ்த்தாள். கொழுந்தில் சொட்டு ஈரமில்லை. அவமானம் தாங்காமல் மண்ணை வாரித் தூற்றி, "நீ நாசமாப் போயிருவ!" என்று கத்திவிட்டாள். ஞானஸ்நானம் பெற்றவள் செய்கிற வேலையா? வீடு வந்து சேருமுன்னே தான் விட்ட சாபத்தை நினைத்து அவளே பயந்துபோனாள்.

வேடிக்கை என்னவென்றால், சாராளும் அதே பயத்தில் எழுந்து போவாள். ஒருத்தி மரத்தடியில், மற்றவள் பின்சுவர் ஓரம். "என்ன பயபக்தி!" என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

எழுபத்திரண்டில், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், சாராள் குடும்பத்துக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. புதன்கிழமை ரயில். அதற்கு முந்திய ஞாயிறு திருவிருந்து. அவள் கடல் தாண்டிப் போய்விட்டால் தான் விட்ட சாபமும் திரும்ப எடுக்க வழியில்லாமல் அவளோடு போய்விடுமே என்ற நினைப்பு அருளாயியைத் தின்றது. ஆனாலும் வலியப் போய்ப் பேச வாய் வரவில்லை.

அன்று பேய்மழை. வழக்கமான இடம் வந்தது, இருவரும் எழுந்தார்கள். சாராள் முந்திப் போய்த் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டாள். அவள் பக்கத்தில் நிற்க மனமில்லாமல் அருளாயி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். படிக்கத் தெரியாதவள், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மிச்சத்தையும் கேட்டாள். தன்னைச் சோதித்துப் பார்த்து, அதன்பின் புசிக்கட்டும் என்று இருந்தது. எழுந்து ஓடட்டும் என்று இல்லவே இல்லை. கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று வேறு இருந்தது.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க!" என்று கத்தினாள். போதகர் திடுக்கிட்டு, பாத்திரமும் கையுமாக நின்றார்.

அருளாயி தாழ்வாரத்துக்கு ஓடினாள். "சாராளு, வாய்க்கு வந்ததச் சொல்லிப்புட்டேன். அது ஒன்னும் உன்மேல நிக்கக் கூடாது. மன்னிச்சுக்க, ஆத்தா."

சாராள் உடைந்து அழுதாள். "நாந்தான மதினி மொதல்ல பொய் சொன்னேன். கிட்ட வந்தா அடிச்சிருவீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

"அடிப்பேன்தான். மொதல்ல உள்ள வா. எல்லாரும் நமக்காக நிக்கிறாங்க."

சொட்டச் சொட்ட வந்து இருவரும் முழங்காலிட்டார்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு அருளாயி கை நீட்டி அப்பத்தை வாங்கினாள். அழாதவர்கள் அன்று ஆலயத்தில் இல்லை, நானும்தான் அழுதேன். புதன்கிழமை பண்டாரவளை ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது அருளாயி மறுபடி அழுதாள். பிரிகிற துக்கம் இருந்தது, பயம் போயிருந்தது.

எச்சரிப்பு நம்மைத் துரத்துகிறது என்றே அதுவரை நினைத்திருந்தோம். கூப்பிடுகிறது என்று எங்களுக்குக் காட்டியவள் அருளாயிதான். சில மாதம் கழித்து ஒரு திருவிருந்தில் அந்த இடம் வந்ததும், எங்கள் சபையிலிருந்த ராசம்மா மெல்ல எழுந்தாள். அருளாயி அவள் சேலையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க போற?"

"தங்கச்சியோட பேச்சுவார்த்தை இல்லக்கா. வீட்டுக்குப் போறேன்."

"வீட்டுக்குப் போகாத. அவகிட்டப் போ. கையோட கூட்டிக்கிட்டு வா, நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்."