குணசுந்தரி ஏறிய பாதி ரயில்

மலேசியாவின் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் குணசுந்தரிக்குப் பயப்படாத பெண் ஒருத்தி இருந்திருந்தால், அவள் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருப்பாள். மின்னணுச் சில்லுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் குணசுந்தரி லைன் லீடர். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு, வாயை மூடிய முகக்கவசம், வெளியே தெரிவது கண்கள் மட்டும். அந்தக் கண்களாலேயே ஒரு வரிசைப் பெண்களை ஷிப்ட் முழுக்க ஓட்டுவார்.

கோபக்காரர் என்று சொல்ல முடியாது. யாருடைய மாமியார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், யாருக்குத் தீபாவளிக்கு முன்னாலேயே லீவு வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் வந்து கேட்பதற்குள் ஏற்பாடு முடிந்திருக்கும். வீட்டிலும் இதே கதைதான். கணவர் பழனியாண்டி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்கு எந்தக் கலர் சட்டை பிடிக்கும் என்பதையே மனைவியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன் என்று சொல்லிச் சிரிப்பார்.

கம்பெனி ஒரு பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றியபோது, வயதானவர்கள் விரும்பினால் முன்கூட்டியே ஓய்வு பெறலாம் என்றார்கள். குணசுந்தரி கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். மூன்றாவது வாரத்துக்குள் வீட்டில் அடுக்காத அலமாரி இல்லை. நான்காவது வாரம் பக்கத்து வீட்டு அலமாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் பழனியாண்டி பயந்துபோய், அவரைச் சுங்கைப் பட்டாணிக்கு அழைத்துப் போய் நல்லதாக ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் கூட்டத்தோடு சிடாம் கிரிப் பக்கம் எஸ்டேட் சாலைகளில் ஓட்டினார். கொஞ்சம் தெம்பு வந்ததும் பாலிங் வரை போய் வந்தார். ஆறே மாதத்தில் அந்தக் கூட்டத்துக்கும் அவர்தான் லைன் லீடர்.

அஃப்ஸானாவை அவர் அதற்கு முன்பிருந்தே அறிவார். கூலிம் டவுனில் அஃப்ஸானாவின் அண்ணன் மூசாவுக்குச் சாப்பாட்டுக் கடை. கல்லாவில் அஃப்ஸானா. ஷிப்ட் முடிந்து வரும் குணசுந்தரிக்கு ரொட்டி சானாயும் இனிப்புக் குறைந்த தேத்தண்ணீரும் சொல்லாமலே மேசைக்கு வரும். கணவர் இறந்த பிறகு அஃப்ஸானாவுக்குக் கடை விட்டால் வீடு, வீடு விட்டால் கடை என்று ஆகிவிட்டது. குணசுந்தரி இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவரா? ஐம்பது வயதில் அஃப்ஸானாவைத் தாமான் குடியிருப்பின் திடலுக்கு இழுத்துப்போய், பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அஃப்ஸானா முழங்கால் இரண்டையும் சிராய்த்துக்கொண்டார். அடுத்த வாரமும் வந்தார்.

பினாங்கில் வேலை பார்க்கும் மகள் சாந்தினி ஒரு நாள் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றங்கரையோரமாக, தலை நரைத்த தம்பதி ஒன்று சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது. மேடு பள்ளம் இல்லாத பாதை. களைத்துப் போனால் பக்கத்திலேயே ரயில், சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். மகள் அதை வேடிக்கைக்குத்தான் காட்டினாள். மறு வாரம் அம்மா டிக்கெட் விவரம் கேட்டபோதுதான் அவளுக்கு விபரீதம் புரிந்தது. குளிர் என்றாலே போர்வையைத் தேடும் பழனியாண்டி, தான் வரவில்லை என்று முதலிலேயே ஒதுங்கிக்கொண்டார். ஆகவே அஃப்ஸானா.

மூசா சுலபத்தில் சம்மதிக்கவில்லை. இரண்டு பெண்கள், தெரியாத ஊர், கல்லாவை யார் பார்ப்பது என்று வரிசையாகக் கேட்டார். குணசுந்தரி கடையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கல்லாவை மூசாவின் மனைவி ரஹ்மத் பார்த்துக்கொள்வார் என்பதையும் அவரே முடிவு செய்துவிட்டார். ரஹ்மத்திடம் அதைச் சொன்னது அப்புறம்தான்.

மே மாதம் ஜெர்மனியில் பாசாவ் என்ற ஊரில் இறங்கி, இரண்டு சைக்கிள்களை வாடகைக்கு எடுத்து, வியன்னாவை நோக்கிக் கிளம்பினார்கள். குணசுந்தரி முன்னால், அஃப்ஸானா பின்னால். நிற்க வேண்டும் என்றால் குணசுந்தரி வலது கையை உயர்த்துவார், தண்ணீர் குடிக்க இடது கை. இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் குணசுந்தரியின் இடுப்புப் பையில். சம்பல், ஊறுகாய், பொரித்த நெத்திலி எல்லாம் அஃப்ஸானாவின் முதுகுப் பையில். இணையம்கூட ஒருவர் எடுத்தால் போதும் என்று குணசுந்தரி தன் கைப்பேசிக்கு மட்டும் எடுத்து, அதிலிருந்து அஃப்ஸானாவுக்குப் பகிர்ந்து கொடுத்தார். ஆறு பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. ஆப்பிள் மரங்களில் பூ. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தேவாலயக் கோபுரம். எல்லாவற்றுக்கும் அஃப்ஸானா, “சரிக்கா” என்றார்.

ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்து நடுங்கியபடி ஒரு சின்ன ரயில் நிலையத்தில் ஒதுங்கினார்கள். அடுத்த ஊருக்கு ரயிலில் போய்விடலாம் என்று குணசுந்தரி தீர்மானித்தார். சைக்கிள் ஏற்றும் பெட்டி முன்னால் இருந்தது, அங்கே உட்கார இடம் இல்லை. பின்னால் இருந்த பெட்டிகள் காலியாகக் கிடந்தன.

“நீ பின்னாடி போய் உட்காரு. சைக்கிளை நான் பாத்துக்கிறேன்,” என்றார் குணசுந்தரி. அஃப்ஸானா போனார்.

அந்தப் பக்கத்து ரயில்களில் சில, வழியில் ஒரு சந்திப்பில் இரண்டாகப் பிரியும். முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறோர் ஊருக்கும் போகும். அறிவிப்பு ஜெர்மன் மொழியில் வந்தது. குணசுந்தரி அதை ஏதோ வானிலை என்று நினைத்துக்கொண்டு சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். ரயில் கிளம்பியது. வளைவில் திரும்பும்போது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவருக்கு, தன் ரயில் பாதி நீளம்தான் இருக்கிறது என்று தெரிந்தது. மீதிப் பாதி, அஃப்ஸானாவோடும் நெத்திலியோடும், மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

குணசுந்தரி இறங்கிய ஆற்றங்கரை ஊரில், நிலைய அதிகாரியிடம் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டு, இது அடிக்கடி நடப்பதுதான் என்றார். குணசுந்தரிக்கு அது ஆறுதலாக இல்லை. இடுப்புப் பையில் இரண்டு பாஸ்போர்ட்டுகள் கனத்தன. அஃப்ஸானாவிடம் இணையம் இல்லை, அடையாளக் காகிதம் இல்லை, மொழி இல்லை. கூலிமில்கூடத் தனியாகப் பாசார் சந்தைக்குப் போகாத பெண். மூசாவுக்கு என்ன பதில் சொல்வது? பிளாட்பாரத்தில் இரண்டு சைக்கிள்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அஃப்ஸானாவின் பாதி ரயில் ஒரு மலையடி ஊரில் போய் நின்றது. அந்த ஊரின் பெயரைச் சொல்ல அவருக்கு இன்றுவரை நாக்கு வளையவில்லை. இறங்கியதும் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் அழுததாகப் பின்னால் சொன்னார். அப்புறம் பசித்தது. நிலையத்துக்கு எதிரே ஒரு துருக்கிக்காரர் சாப்பாட்டுக் கடை. கண்ணாடி வழியே பார்த்தபோது, கல்லாவில் தன்னைப் போலவே தலையில் முக்காடு போட்ட ஒரு பெண்மணி சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தார். அஃப்ஸானா உள்ளே போய் ஸலாம் சொன்னார். அந்த அம்மாள் எழுந்து வந்து, ஈரமாயிருந்த அவர் தோளைத் தொட்டுப் பார்த்து, முதலில் சூப் கொண்டுவந்து வைத்தார். கடையின் இணையத்தில் சேர்த்துவிட்டார். பணம் வாங்க மறுத்தவரிடம் அஃப்ஸானா ஒரு புட்டி சம்பலைக் கொடுத்தார்.

குணசுந்தரியின் கைப்பேசி அடித்தது, அஃப்ஸானாதான். எங்கே இருக்கிறாய், காய்ச்சல் இருக்கிறதா, யாராவது ஏதாவது கேட்டார்களா என்று மூச்சு விடாமல் விசாரித்துவிட்டு, கடைசியாக உத்தரவு போட்டார்.

“அங்கயே உட்காரு. எங்கயும் நகராதே. அடுத்த ரயில்ல நான் வரேன்.”

“வேணாங்கா. இங்கேருந்து ஆத்துப்பக்கம் நீங்க இருக்கற ஊருக்கே நடைபாதை இருக்காம், கடைக்காரம்மா படத்துல காட்டுனாங்க. வழி நெடுக மஞ்சப் பலகை வச்சிருக்காங்களாம். மழையும் நின்னுருச்சு. நான் நடந்தே வந்துர்றேன்லா.”

“தனியாவா?”

“தனியாத்தான்,” என்றார் அஃப்ஸானா. அதற்குமேல் பேச இடம் கொடுக்காமல் வைத்துவிட்டார். குணசுந்தரி பேசிக்கொண்டிருக்கும்போது அவர் இணைப்பைத் துண்டித்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் முழுக்க குணசுந்தரி அந்த நடைபாதை ஊருக்குள் வந்து சேரும் மரப்பாலத்தில் காத்துக்கொண்டிருந்தார். வெயில் சாயும் நேரத்தில் ஓடைக்கரையில் ஓர் உருவம் தெரிந்தது. காலணி முழுக்கச் சேறு. கையில் ஒரு குச்சி. முக்காட்டில் ஏதோ காட்டுப்பூ சிக்கியிருந்தது. அவசரமே இல்லாமல், ஒரு குதிரையைப் பார்க்க நின்று, மறுபடி நடந்து வந்தார். திட்டுவதற்காகக் குணசுந்தரி தயாராக வைத்திருந்த வார்த்தைகள், அந்த முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. இருபது வருடத்தில் அஃப்ஸானாவை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து காலணியைக் கழற்றியபடி அஃப்ஸானா சொன்னார்: “அக்கா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு சைக்கிள் பிடிக்கல.”

“எப்பலேருந்து?”

“மொதல்லேருந்தே.”

“அப்ப ஏன்டி இவ்ளோ தூரம் ஓட்டுன?”

“வீட்டை விட்டு வெளிய வர எனக்கு வேற வழி தெரியலக்கா. நீங்கதான் வந்து கூப்பிட்டீங்க. நீங்க யானை மேல ஏறச் சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பேன். ஆனா இன்னிக்கு நடந்து வந்தேன்ல, தோணுன எடத்துல நின்னேன். ஏன் நிக்கறேன்னு ஒருத்தரும் கேக்கல.”

அன்றிரவு குணசுந்தரி சீக்கிரமே படுத்துக்கொண்டார். மனம் நொந்துதான் போயிருந்தது. திடலில் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிய நாட்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. தான் ஆசையாகக் கொடுத்ததை ஒருத்தி இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள்! தொழிற்சாலையில் எத்தனை பேர் இப்படி “சரிக்கா” சொன்னார்களோ என்றும் ஒரு எண்ணம் வந்தது. அதைத் தள்ளிவிட்டுத் தூங்கினார்.

காலையில் எழுந்ததும் வாடகைக் கம்பெனியின் கிளை அந்த ஊரில் எங்கே என்று பார்த்து, அஃப்ஸானாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டார். தங்கும் விடுதியின் வாசல் வரை போனவர், நின்றார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்ப மேலே ஏறி வந்தார்.

“இத திருப்பிக் கொடுத்துரலாமா? நீ என்னா சொல்ற?”

தலைவாரிக்கொண்டிருந்த அஃப்ஸானா திரும்பிப் பார்த்தார். குணசுந்தரி பதிலுக்காக நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தார். “கொடுத்துரலாங்கா,” என்றார் அஃப்ஸானா.

அதற்கப்புறம் பயணம் வேறு மாதிரி ஆனது. குணசுந்தரி சைக்கிளில் ஆற்றங்கரையோடு போனார். அஃப்ஸானா திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நடந்தார், கால் வலித்தால் ரயில் ஏறினார். இந்தத் தடவை எந்தப் பாதி எங்கே போகிறது என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொண்டார். பாஸ்போர்ட் அவரவரிடம், நெத்திலியிலும் சரிபாதி. அஃப்ஸானாவின் கைப்பேசிக்கும் இணையம் எடுத்தார்கள். சாயங்காலம் அடுத்த ஊரின் தேவாலய வாசலில் சந்தித்தார்கள்.

தனியாக ஓட்டிய முதல் நாள் குணசுந்தரிக்கு மிக நீளமாக இருந்தது. பழக்கத்தில் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லாத பாதையில் இடது கையை உயர்த்திவிட்டு, தானே நின்று தண்ணீர் குடித்தார். அரை மணிக்கொரு தடவை அஃப்ஸானாவைக் கூப்பிட்டார். வேலியோரம் நின்ற ஒரு மாட்டிடம், ரோட்டுப் பக்கம் வராதே என்று தமிழில் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு தடவைதான் கூப்பிட்டார். ஒரு ஐஸ்கிரீம் வாங்கி, கரையில் உட்கார்ந்து, அது உருகுவதற்குள் மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். படகுகள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாருக்கும் எதுவும் செய்து முடிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் நாள் கூப்பிடவே மறந்துவிட்டார். பதறிப்போய் அழைத்தவர் அஃப்ஸானா.

இன்னொரு சாயங்காலம் அஃப்ஸானா இரண்டு ஜெர்மன் பாட்டிகளோடு வந்து சேர்ந்தார். வழித்துணையாகச் சேர்ந்துகொண்டவர்களாம். இருவருக்கும் அவர் மலேசியப் பாணியில் “ஓக்கேலா” சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார். குணசுந்தரியோடு கை குலுக்கும்போது இருவரும் அதைச் சரியாகச் சொன்னார்கள்.

வியன்னாவுக்குள் இருவரும் நடந்தே நுழைந்தார்கள். குணசுந்தரி சைக்கிளை முந்திய ஊரிலேயே ஒப்படைத்திருந்தார். அஃப்ஸானா முன்னால் போனார். இன்னும் எவ்வளவு தூரம், இன்னும் எவ்வளவு தூரம் என்று பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தவர் குணசுந்தரி.

கூலிமுக்குத் திரும்பியபோது கல்லாவில் ரஹ்மத் காலூன்றி உட்கார்ந்திருந்தார். கணக்கு வழக்கில் அஃப்ஸானாவை விடக் கெட்டி என்று வாடிக்கையாளர்களே சொன்னார்கள். அஃப்ஸானா இடத்தைத் திரும்பக் கேட்கவில்லை. விருந்துகளுக்கான ஆர்டர்களை எடுத்துக்கொண்டார். காலை வேளைகளைத் தனக்கென்று வைத்துக்கொண்டு நடந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் அவரோடு சேர்ந்தார்கள். மூசா முதலில் முணுமுணுத்தார். சர்க்கரை அளவைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டித்த பிறகு அவரும் கடைசி ஆளாக நடக்கிறார்.

பழனியாண்டிக்குத்தான் மாற்றம் கொஞ்சம் அதிர்ச்சியாக இருந்தது. இன்றைக்கு என்ன சமைக்கலாம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாள் மனைவி கேட்டதும், அவர் சாந்தினியைக் கூப்பிட்டு, அம்மாவை டாக்டரிடம் காட்ட வேண்டுமோ என்று மெல்லிய குரலில் விசாரித்தார். இப்போது பழகிவிட்டது. புளிக்குழம்பு என்று உடனே பதில் சொல்கிறார்.

அடுத்த வருடம் போர்ச்சுகலில் கடலோரமாக நடக்கப்போவதாக அஃப்ஸானா போன மாதம் சொன்னார். திட்டம், டிக்கெட், தங்கும் இடம் எல்லாம் அவரே பார்த்திருந்தார். நானும் வரட்டுமா என்று குணசுந்தரி கேட்டார். அஃப்ஸானா கொஞ்சம் யோசித்துவிட்டு, நடக்கிறதாக இருந்தால் வாருங்கள் என்றார். குணசுந்தரி புதிதாக வாங்கிய நடைக் காலணி இன்னும் குதிகாலைக் கடிக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு சாயங்காலந்தோறும் தாமானைச் சுற்றி வருகிறார். வழியில் தெரிந்தவர்கள் நிறுத்தி விசாரித்தால், எத்தனை நாள் பயணம் என்று தனக்குத் தெரியாது, அதை அஃப்ஸானாவிடம்தான் கேட்க வேண்டும் என்கிறார்.