நடு ஏரியில் சலூன் அக்கா

“தலையை ஆட்டாதீங்க” என்று என் உச்சந்தலையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தான் மட்டும் கழுத்தைத் திருப்பி ஜன்னல் வழியே எதிர் மாடியைப் பார்க்கிறார் சலூன் அக்கா. அங்கே கொடியில் போர்வைகள் காய்கின்றன. ஒன்று வயிறு புடைத்து எழுந்து அடங்குகிறது. “நல்லா அடிக்குது. நாளைக்கும் இப்படியே அடிச்சா ஏரியில ஜமாய்ச்சிடலாம்.” கத்தரி மறுபடி பேசத் தொடங்குகிறது.

கடையில் எல்லாமே தாழ்வு. கண்ணாடி, சீப்பு அலமாரி, கை கழுவும் தொட்டி எல்லாம் சக்கர நாற்காலியில் இருக்கும் அக்காவின் கைக்கு எட்டும்படி இறங்கி வந்திருக்கின்றன. முடி வெட்டிக்கொள்பவரின் இருக்கையும் அப்படித்தான். நெட்டையானவர்கள் முழங்காலை எங்கே வைப்பது என்று திண்டாடுவார்கள். “சரிஞ்சு உக்காருங்க. உங்க உயரத்துக்கு நான் வர முடியாது, நீங்கதான் இறங்கி வரணும்” என்பார். இதைக் கெஞ்சலாகச் சொல்வார் என்று நினைத்துவிடாதீர்கள்.

முன்பு ஒருநாள் அக்கா ஸ்கூட்டரில் கடைக்கு வரும் வழியில் லாரி மோதியது. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. அதைப் பற்றிக் கேட்டால், “லாரிக்காரன் முந்திக்கிட்டான்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

ஊருக்கு வெளியே ஏரியில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தரும் பழைய கப்பல்காரர் ஒருவர் அவரிடம் முடி வெட்டிக்கொள்ள வருவார். ஒருநாள், “ஞாயித்துக்கிழமை ஏரிப் பக்கம் வாங்களேன்” என்றார்.

“நடக்க முடியாதவளுக்கு அங்க என்ன வேலை?”

“படகுல யாரும்மா நடக்கறாங்க?”

அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா ஏரிக்குப் போனார்.

குளியல் தொட்டிக்குப் பாய் கட்டியது போன்ற குட்டிப் படகு அது. அடியில் கனத்த இரும்பு தொங்குவதால் லேசில் கவிழாது. திருப்புவதற்கு மடிக்கு முன்னால் ஒரு குச்சி. பாயை இழுக்கவும் தளர்த்தவும் கைக்கருகே ஒரு கயிறு. காலுக்கு வேலையே இல்லை. படகுத்துறையில் பளு தூக்கும் இயந்திரம் ஒன்று, துணித் தூளியில் அவரைத் தூக்கி உள்ளே இறக்கும். “சரக்கு வருது, வழி விடுங்க!” என்று அந்தரத்திலிருந்து அவரே குரல் கொடுப்பார்.

அவருடைய தம்பி எலக்ட்ரீஷியன். மின்சாரத்துக்கு அஞ்சாத அவருக்குத் தண்ணீர் என்றால் குலை நடுங்கும். “ஒரு லைஃப் ஜாக்கெட் பத்தாதுக்கா, மேல இன்னொண்ணு போட்டுக்கோ” என்று மன்றாடுவார்.

போன மாதம் அக்கா முதல்முறையாகத் தனியாகப் படகை எடுத்தார். தூரத்துச் சிவப்பு மிதவையைச் சுற்றிவர வேண்டும் என்பது திட்டம். கரையில் நானும் இருந்தேன். பாதி தூரத்தில் காற்று சட்டென்று நின்றது. பாய் ஈரத்துண்டு போலத் தொங்கியது. படகு அசையவில்லை.

தம்பிக்கு வேர்த்துவிட்டது. “சார், இழுத்துட்டு வரச் சொல்லுங்க சார்!”

“அவங்க கேக்கட்டும்” என்றார் கப்பல்காரர். ஆனாலும் பாதுகாப்புக்கான மோட்டார் படகு ஒருமுறை பக்கத்தில் போனது.

“கயிறு போடவாக்கா?”

“நான் கூப்பிட்டேனா?” அமைதியான தண்ணீரில் அந்தக் குரல் கரை வரைக்கும் தெளிவாக வந்தது. “காத்து வரும். என்ன அவசரம்? இன்னிக்குக் கடை லீவுதான்.”

மோட்டார் படகு விலகியது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. தம்பி உட்கார்ந்தார், எழுந்தார், என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தார் என்று பிறகு அக்காவிடம் கேட்டேன். “பொய் சொல்ல மாட்டேன், பயமாத்தான் இருந்துது. ஆனா ஒண்ணு. ஆஸ்பத்திரியில என்னைக் கேக்காமலே தூக்குவாங்க, புரட்டுவாங்க, நகத்துவாங்க. வீட்டுக்கு வந்தும் அதேதான். அங்க நடுத்தண்ணியில, நானே நகந்தாத்தான் உண்டு. அது எனக்குப் பிடிச்சிருந்துது. அதை எப்படி விட்டுக்குடுப்பேன்?”

ஏரியின் ஒரு மூலையில் தண்ணீர் கறுத்துச் சிலிர்த்தது. சிலிர்ப்பு நகர்ந்து வந்தது. அக்கா கயிற்றை இழுப்பது தெரிந்தது. பாய் புடைத்தது, படகு ஒருக்களித்துப் பாய்ந்தது. “அப்பாடா, வந்துடுவா” என்று தம்பி கும்பிட்டார். படகு கரைக்குத் திரும்பவில்லை. நேரே சிவப்பு மிதவைக்குப் போனது, அதை ஒட்டி ஒரு வட்டம் அடித்தது, அப்புறம்தான் வந்தது. “என் உயிரை எடுக்குறதுக்குன்னே பொறந்திருக்கா” என்றார் தம்பி, கண்ணைத் துடைத்தபடி.

துறையில் படகு உரசி நின்றதும், அக்காவைத் தூக்கிவிடத் தம்பி குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார். அந்தக் கைகளில் ஈரக் கயிற்றின் நுனியை வைத்தார் அக்கா.

“மொதல்ல படகைக் கட்டுடா.”

தம்பி முட்டி போட்டு, ஏதோ ஒரு முடிச்சைப் போட்டார். அக்கா அதை ஒரு கணம் பார்த்தார். ஒரே இழுப்பில் அவிழ்த்து, நுனியை மறுபடி அவர் கையிலேயே கொடுத்தார்.